மூக்கு மேஸ்திரியின் மூக்கில்லாத படம்

வேலூரிலிருந்து நாட்றம்பள்ளி வரைக்கும் நிற்கிற சாமிகள், றெக்கை வைத்த கிறிஸ்தவச் சம்மனசுகள், காவல் பூதங்கள் அத்தனைக்கும் ஒரே மூக்கை வைத்த பெருமை உலகத்திலேயே ஒரு ஆளைத்தான் சேரும். அந்த ஆளுக்காக ஊர் ஊராக வெட்கப்பட்ட பெருமை என்னைச் சேரும். என் சொந்தத் தப்புகளுக்காக இதுவரை நான் வெட்கப்பட்டதையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும், மூக்கு மேஸ்திரிக்காக வெட்கப்பட்டதில் கால்வாசி தேறாது.

மேஸ்திரி ஒரு சிமெண்டுச் சிற்பி. ஆம்பூரில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் சூப்பர்வைசர் வேலை. ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்பும் டிசைனை முதன்முதலில் தோலில் வெட்டி, தைத்துப் பார்க்கிற இடம் அது. எனக்கும் சிற்பக் கலைக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. குடிவந்த அன்று அவர் என் ஃபோன் நம்பரைக் கேட்டார், அந்தப் பிராப்தி வந்து சேர்ந்துவிட்டது.

"அவசரத்துக்கு இருக்கட்டும் சார்" என்றுதான் கேட்டார். அவசரம் என்றால் தீ, திருட்டு, நெஞ்சுவலி என்று நானும் நம்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே கீழே எட்டிப் பார்க்கிறேன், 'இங்கு அனைத்து விதமான சிலைகளும் செய்து தரப்படும்' என்ற போர்டுக்கு அடியில் என் நம்பர் சிவப்பு எனாமல் பெயிண்டில் காய்ந்துகொண்டிருக்கிறது.

"இன்னா மேஸ்திரி இது?"

"என்கிட்ட ஏது சார் ஃபோனு? சிமெண்டுக் கையில புடிச்சா ஃபோனும் சிலையாயிடும். நீங்க படிச்சவரு. மரியாதையா பேசுவீங்க."

நான் மரியாதையாகத்தான் பேசினேன். கூப்பிட்டவர்கள்தான் பேசவில்லை.

முதல் ஃபோன் அணைக்கட்டுப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்தது. "முனீஸ்வரன் பண்ண ஆளா?" என்று எடுத்த எடுப்பில் ஒரு பெரியவர் கேட்டார்.

"இல்லீங்க, நான் மாடியில குடியிருக்கறவன்."

"நீ மாடியில இருந்தா இன்னா, கீழ இருந்தா இன்னா? முனீஸ்வரனைப் பாத்தா ஊரே நடுங்கணும்யா. இங்க பசங்க எல்லாம் பாத்துட்டு சிரிக்குதுங்க. இன்னா மூக்குய்யா அது, கத்திரிக்காயை நசுக்கி ஒட்டுன மாதிரி? மூக்கை மாத்து!"

சாம்பிள் ரூமில் எல்லார் முன்னாலும், "சரிங்க, மூக்கை மாத்திடறேன்" என்று சொன்னேன். தையல்காரப் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் மேஸ்திரியிடம் கேட்டேன். அப்போதுதான் அவருடைய தொழில் ரகசியம் தெரிந்தது. கிரீடம், கண், மீசை, பல் எல்லாவற்றையும் அவர் கண்ணால் பார்த்துத்தான் செய்வார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. மூக்குக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். வலது கை சிலையின் முகத்தில் இருக்கும். இடது கை அவருடைய மூக்கில் இருக்கும். இங்கே தடவித் தடவிப் பார்த்து அங்கே பிசைவார். "கண்ணு ஏமாத்தும் சார், கை ஏமாத்தாது" என்பார். கை ஏமாற்றவே இல்லை. அப்படியே அச்சாக அவர் மூக்குதான் வரும்.

அந்த மூக்கு எப்படியென்றால், புருவத்தில் நேராகத்தான் புறப்படும். பாதி வழியில் அதற்கு மனசு மாறிவிடும். கடைசியில் இருக்கிற இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு அகலமாக உட்கார்ந்துவிடும். மனிதருக்கு அது பரவாயில்லை. நந்திக்கு?

நாட்றம்பள்ளி பக்கம் ஒரு சிவன் கோயில் நந்தியைப் பற்றி அடுத்த ஃபோன். "சார், நீங்க குடுத்தது மாடா, ஆளா?"

"மாடுதாங்க."

"அப்போ எங்க மாமனார் மாதிரி ஏன் சார் இருக்குது? பிரதோஷத்துக்கு நந்தி காதுல வேண்டுதல் சொல்லப்போற பொம்பளைங்க, கிட்ட போய்ட்டு வெக்கப்பட்டுத் திரும்பி வந்துடறாங்க சார்."

வேலூர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றில் நின்ற சம்மனசைப் பற்றி ஒரு அம்மா பேசியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் திட்டவே இல்லை. "தம்பி, றெக்கையெல்லாம் அழகா இருக்குதுப்பா. ஆனா எங்க ஊட்டுக்காரரு சமாதி மேல குனிஞ்சு நிக்குது பாரு, டிரைனேஜ் மூடியைத் தொறந்து பாக்கறவரு மாதிரி மூக்கைச் சுருக்கினு நிக்குதுப்பா" என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் நேரில் போய்க் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். சம்மனசு என்னையும் அப்படியேதான் பார்த்தது.

இதையெல்லாம் வந்து சொன்னால் மேஸ்திரி கோபப்பட மாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். வெட்கம் வந்தால் நாமெல்லாம் முகத்தை மூடுவோம். அவர் குற்றவாளியை மட்டும் மூடுவார்.

மனைவி இல்லாத வீடு. அவரும் மகள் நிவேதாவும்தான். நிவேதா வேலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், பாகாயத்தில் ஹாஸ்டல். அப்பாவின் மூக்கு அவளுக்கும் இருந்தது. அவள் முகத்தில் அது நன்றாகவே இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவளுடைய அபிப்பிராயம் வேறு. தோழிகளிடம் அப்பா பில்டிங் கான்ட்ராக்டர் என்று சொல்லி வைத்திருந்தாள்.

அதற்கும் வினை வந்தது. அணைக்கட்டு முனீஸ்வரனை எவனோ படம் பிடித்து, 'திங்கட்கிழமை முதல் பீரியட்' என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். அது ஊர் சுற்றி நிவேதாவின் வகுப்பு குரூப்புக்கே வந்து சேர்ந்தது. ஹாஸ்டலே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் ஒருத்தி ஃபோனைப் பார்த்தாள், நிவேதாவைப் பார்த்தாள், மறுபடி ஃபோனைப் பார்த்தாள். சிரிப்பு அந்தப் பக்கம் திரும்பியது.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து போட்ட சத்தம் மாடிக்குக் கேட்டது. நான் டி.வி.யைச் சத்தமாக வைத்தேன். அப்படியும் கேட்டது.

"உலகத்துல எவ்ளோ மூக்கு இருக்குது! உனக்கு நம்ம மூக்குதான் கெடைச்சுதாப்பா? நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? காலேஜ்ல எக்ஸிபிஷன் வருது. எல்லாரும் அவங்கவங்க ஊட்ல பண்ணதைக் கொண்டாராங்க. கோலம், எம்ப்ராய்டரின்னு. நான் இன்னாத்தைக் கொண்டு போறது? முனீஸ்வரனையா?"

அவள் மறுநாளே ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் நேராக மாடிப்படி ஏறி வந்தார்.

"சார், பெரிய பேப்பரு கெடைக்குமா?"

"எதுக்கு?"

"மூக்கே இல்லாம ஒண்ணு பண்ணலாம்னு. மூக்கு இருந்தாதானே சிரிப்பாங்க? கண்ணு, காது, கை, காலு எதுவும் வேணாம். எதுவாவும் தெரியக் கூடாது. அப்படி ஒண்ணு பண்ணிக் குடுத்தா பாப்பா காலேஜுல வெப்பா இல்ல?"

கம்பெனியில் கேட்டு, ஷூவுக்குப் பேட்டர்ன் என்கிற அளவு மாதிரி வெட்டுகிற கெட்டி அட்டைப் பேப்பர் சிலவற்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். பென்சில் அவர் கைக்கு அடங்கவில்லை, ஒடிந்தது. பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டார். கடைசியில் சிற்பி புத்திதான் வந்தது. கத்தியால் பேப்பரில் பாதி ஆழத்துக்குக் கோடு கிழித்தார். ஓரங்களில் சின்னச் சின்னதாய் வெட்டுப் போட்டார். தோலுக்குப் போடும் சாயத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

தினமும் சாயங்காலம் எனக்குப் பரீட்சை நடந்தது. "இது இன்னாவாத் தெரியுது சார்?"

"மாடு படுத்திருக்கற மாதிரி..." கிழித்துவிட்டார்.

"மலையா?" அதையும் கிழித்தார்.

"இது தோசை மேஸ்திரி, சந்தேகமே இல்ல."

"நீங்க வேணும்னே கண்டுபுடிக்கறீங்க சார்!" என்று கத்திவிட்டு அதையும் கிழித்தார். என் கண் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

பிறகு ஒரு நாள் ஒன்று கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். பழுப்பில் வளைந்த கோடுகள். ஒன்று வெளியே போகப் பார்த்து ஓரத்தில் நின்றுவிடுகிறது. இன்னொன்று அதைத் தேடிக்கொண்டு போய் அதன் மேல் படிகிறது. நடுவில் சாயமே படாத ஒரு வெள்ளை. ரொம்ப நேரம் பார்த்தேன்.

"ஒண்ணும் தெரியல மேஸ்திரி."

"நெஜமா?"

"சத்தியமா."

"அப்பாடா!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். சட்டை முதுகில் பழுப்பாய் ஐந்து விரலும் பதிந்தது. ஒன்றும் தெரியவில்லை என்று நான் சொன்னது நிஜம். ஆனால் அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை என்பதும் நிஜம். எதையோ சொல்ல வந்து வாசலிலேயே தயங்கி நிற்கிறவரைப் பார்ப்பது போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கிழித்துவிடுவாரோ என்று பயந்து சொல்லவில்லை.

நிவேதாவுக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சினேன். "நீங்க கேக்கறீங்கன்னு வெக்கறேன் அங்கிள். ஆனா அப்பா பேரு போட மாட்டேன். அப்பா இங்க வரவும் வேணாம்" என்றாள். நான் முதல் பாதியை மட்டும் அவரிடம் சொன்னேன். அந்தப் பாதிக்கே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

படத்தைக் கொடுக்கக் கடைசி நாள். டூட்டி முடிந்ததும் கம்பெனியிலிருந்து அப்படியே வேலூர் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக நான் ஏற்பாடு செய்திருந்தேன். "சாயம் இன்னும் காயல சார். மத்தியானமா கேட்டாண்ட கொண்டாந்து குடுத்துடறேன்" என்றார் மேஸ்திரி. அப்படியே வந்தார். செக்யூரிட்டி, "இன்னாய்யா இது?" என்று கேட்டதற்கு, படம் வரைந்தேன் என்று சொல்ல வெட்கம். "சாம்பிள் ரூம் சாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, எதிர் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். படம் வேலூருக்குப் புறப்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நான் அந்த நேரம் ஒரு மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி உள்ளே அனுப்பிய அட்டை நேராகப் பேட்டர்ன் மேசைக்குப் போய்விட்டது.

எங்கள் சாம்பிள் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டர்ன் மாஸ்டர் பாஷா பாயின் மேசைக்கு ஒரு அட்டை வந்துவிட்டால், இது என்ன, ஏன் இப்படி என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் வெட்டு, அப்புறம் தை, பேச்சு கடைசியில். பையர்களின் கிறுக்குத்தனத்தை அத்தனை பார்த்திருக்கிறார்கள். போன சீசனில்தான் குதிகாலில் காது வைத்த ஷூ ஒன்று தைத்து அனுப்பியிருந்தார்கள். அட்டையில் கத்திக் கோடு இருந்தால் அங்கே வெட்ட வேண்டும். ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் அங்கே இணைத்துத் தைக்க வேண்டும். மேஸ்திரியின் அட்டையில் இரண்டும் ஏராளம்.

மீட்டிங் முடிந்து நான் வந்தபோது பாஷா பாய் வியர்த்து ஊற்ற நின்றுகொண்டிருந்தார்.

"யாரு சார் இந்தப் பையரு? பேஜார் புடிச்ச ஆளா இருக்கான்! மத்தியானத்துலருந்து உயிரை எடுத்துட்டான்."

அவர் கையில் பழுப்புத் தோலில் ஒரு வஸ்து இருந்தது. அது இடது காலுக்கும் இல்லை, வலது காலுக்கும் இல்லை.

"முன்னாடி எது, பின்னாடி எதுன்னு தெரியல சார். குதிகாலு ரெண்டு வருது. இருந்தாலும் ஒரு நூல் பிசகாம தெச்சுட்டோம். நானே போட்டுப் பாத்தேன், கட்டைவிரல் மட்டும் உள்ள போவுது."

மேசையில் மேஸ்திரியின் படம் துண்டு துண்டாகக் கிடந்தது. துண்டுகளை ஒழுங்காக அடுக்கி, மேலே ஒரு கத்தரிக்கோலை வெயிட்டுக்கு வைத்திருந்தார்கள்.

"பாய்... இது பேட்டர்ன் இல்ல பாய். படம். மூக்கு மேஸ்திரி பண்ணது."

பாஷா பாய் ஒரு துண்டை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இதுல மூக்கு எங்க சார்?"

யாரோ சிரித்துவிட்டார்கள். பாஷா பாய் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "எத்தினியோ கண்ணறாவியை வெட்டிருக்கேன் சார். ஒருத்தரு ஆசையா பண்ணதை வெட்டுனதில்ல. அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

நான்தான் முழிக்க வேண்டியிருந்தது. ரோட்டைத் தாண்டிப் போனேன். வெறுங்கையோடு வருகிற என்னைப் பார்த்ததுமே மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். சொன்னேன். அவர் கம்பெனி கேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"எதுவாவும் தெரியக் கூடாதுன்னுதானே சார் பண்ணேன்? நீங்ககூட சத்தியம் பண்ணீங்களே. அதுலயும் செருப்பு தெரிஞ்சிடுச்சா?"

அன்றைக்குத் துண்டால் மூக்கை மட்டும் மூடவில்லை, முகத்தையே மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர்ப் பெரியவர், கோயில்காரர், கல்லறைத் தோட்டத்து அம்மா எல்லார் முன்னாலும் இவருக்காக நான் வெட்கப்பட்டிருக்கிறேன். இவர் முன்னால் எங்களுக்காக வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். அந்த வெட்கத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை.

நிவேதாவுக்குச் சொல்லியாக வேண்டும். "படம் வராதும்மா" என்றேன்.

"ஏன் அங்கிள், அப்பா கிழிச்சிட்டாரா?"

நடந்ததைச் சொன்னேன். ஒரு தொல்லை விட்டது என்று நினைக்கிறாளோ என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா இன்னா பண்றாரு?"

"டீக்கடையில உக்காந்திருக்காரு. மூஞ்சிய மூடிக்கினு."

"அழறாரா?"

"தெரியலம்மா. துண்டு மூடியிருக்குது."

"அங்கயே இருங்க. நான் பஸ் ஏர்றேன்."

அவள் வந்து இறங்கியபோது ஷிப்ட் விட்டுவிட்டது. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்கள் கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. அந்தக் கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு நேராகக் கேட்டுக்குப் போனாள்.

"எங்க அப்பா பண்ண படத்தை உள்ள வெட்டிட்டாங்களாம். அதை வாங்க வந்திருக்கேன்."

"யாரும்மா உங்க அப்பா?" என்றார் செக்யூரிட்டி.

ஓடிக்கொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நிவேதா டீக்கடைப் பக்கம் கையை நீட்டினாள். "அதோ உக்காந்திருக்காரே. சிலை பண்றவரு. அவருதான்."

செக்யூரிட்டி அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "கேட்டிருக்கவே வேணாம்" என்று சொல்லிக் கேட்டைத் திறந்தார்.

பாஷா பாய் துண்டுகளை ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு அவரே ரோட்டைத் தாண்டி வந்தார். "மன்னிச்சிடு மேஸ்திரி. சொல்யூஷன் போட்டு, ஜாயிண்ட்டே தெரியாம ஒட்டிக் குடுத்துடறேன்" என்றார். மேஸ்திரி துண்டை விலக்கினார். ஆனால் அவர் கண் அட்டைகளுக்குப் போகவில்லை. பாய் அக்குளில் இடுக்கியிருந்த தோல் வஸ்துவுக்குப் போனது. அதைக் கேட்டு வாங்கினார். திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டு ஓரமெல்லாம் விரலால் தடவினார்.

"நல்லா வந்திருக்குதே பாய்" என்றார். "பேப்பர்ல இது படுத்துக் கெடந்துது. நீங்க எழுப்பி உக்கார வெச்சிருக்கீங்க."

பாஷா பாய் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தான் தைத்ததையே குனிந்து பார்த்தார். நிவேதா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "மிஸ்கிட்ட சொல்லிட்டு ரெண்டையும் நானே காலைல கொண்டு போய்க் குடுத்துக்கறேன். ஜாயிண்ட் தெரியட்டும் பாய். நீயும் வரணும்ப்பா" என்றாள்.

கண்காட்சியில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. தெர்மாகோலில் செய்த வேலூர்க் கோட்டைக்குப் பரிசு போனது. ஒட்டுப் போட்ட படம் சுவரில் இருந்தது, தோல் வஸ்து அதற்கு முன்னால் ஒரு ஸ்டூலில். வெள்ளை ஜிப்பாவும் அத்தருமாக வந்திருந்த பாஷா பாய் பக்கத்திலேயே நின்று, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "தப்பு எங்களுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி உள்ளே வரவே இல்லை. இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். நிவேதா வெளியே போய், அவர் கையைப் பிடித்து, தோழிகள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு நடுவிலேயே இழுத்துக்கொண்டு வந்தாள். "இவருதான் எங்க அப்பா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி எழுந்து நாற்காலி போட்டாள்.

படத்துக்குக் கீழே நிவேதா தன் கையெழுத்தில் ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் 'சிற்பி' என்று போட்டிருந்தாள். அந்தப் பெயரை நான் வாசித்தேன். யாருடையது என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது, ஊர் ஊராக நான் பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷம் அவர் தலைக்கு மேலே குடியிருந்திருக்கிறேன்.

"மேஸ்திரி, இதுவா உங்க பேரு?"

"ஆமா சார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "யாரும் கேட்டதில்ல."

நல்ல பெயர். இங்கே நான் அதை எழுதப்போவதில்லை. ஆம்பூர்ப் பக்கம் போனால் நீங்களே அவரிடம் கேளுங்கள். ரொம்பக் கூச்சப்படுவார், ஆனாலும் சொல்வார். இத்தனை வருஷம் யாரும் கேட்காத பெயர் அது, கேட்கிற ஒவ்வொருவரும் அவருக்கு வேண்டும்.